முதலில் எதை எடுப்பது

விழுப்புரம்
4.8.2025

வெண்ணிலா அப்பாவுக்கு,

அன்புச்செல்வி எழுதுவது. நான் நலம். போன வாரம் வெண்ணிலா புதுச்சேரி விடுதியிலிருந்து வந்துவிட்டுப் போனாள். நாம் போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் சண்டையில் போய் நிற்கிறது, கடிதம் எழுதிக்கொள்ளுங்கள் என்று அவள்தான் சொன்னாள். திண்டிவனத்தில் நீங்களே சமைத்துச் சாப்பிட்டு இளைத்துவிட்டதாகவும் சொன்னாள்.

விஷயம் இதுதான். போட்டோ ஸ்டூடியோவை மூடியபோது நீங்கள் வீட்டில் விட்டுப்போன கம்ப்யூட்டரில்தான் நான் நர்ஸ் வேலைக்கான சப்-சென்டர் ரிப்போர்ட் அடிக்கிறேன். நாலு நாளாக அதைப் போட்டவுடன் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வருகிறது. ஹார்டு டிஸ்க் சீக்கிரம் போய்விடும், உள்ளே இருப்பதை எடுத்து வைத்துக்கொள் என்கிறது. ஒரு பட்டனை அழுத்தினால் வழக்கம்போல் ஓடுகிறது. நம்பலாமா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. கண்டாச்சிபுரம் பக்கம் நான் போகிற ஊரில் வீரம்மாள் இருக்கிறாளே, அவள் மகன் பூமாலை பங்குனியில் கிணறு தூர் வாரும்போது மண் சரிந்து இறந்துவிட்டான். போனும் அவனோடு போய்விட்டது. வோட்டர் கார்டு படத்தில் முகம் தெரியாமல் வெறும் மசி. முன்பு ஒரு தேர் அன்றைக்கு நீங்கள் அவனைப் படம் எடுத்தீர்களாம். "கண்ண மூடுனா அவன் மொகம் வர மாட்டேங்குதும்மா. பெத்தவ நானே மறந்துக்கினு வர்றேன்" என்றாள். தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எது எங்கே இருக்கிறது, முதலில் எதை எடுப்பது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
அன்புச்செல்வி


திண்டிவனம்
8.8.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. இங்கே ஃபிளெக்ஸ் கடையில் ஆடி மாதக் கோயில் பேனர்கள் குவிந்து கிடக்கின்றன. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அந்த எச்சரிக்கையை நம்பு. அது பொய் சொல்லாது. இன்றைக்கும் போகலாம், ஆறு மாதம் கழித்தும் போகலாம். வெளியில் வைத்து மாட்டுகிற டிஸ்க் ஒன்று வாங்கிக்கொள். கம்ப்யூட்டரைச் சும்மா சும்மா அணைத்துப் போடாதே. எல்லாவற்றையும் ஒரே தடவையில் இழுக்காமல் ஒவ்வொரு ஃபோல்டராக எடு. டிக் டிக் என்று சத்தம் வந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

முதலில் 'ஊர்' என்ற ஃபோல்டர். காலனியிலும் கிராமங்களிலும் காசு வாங்காமல் எடுத்த முகங்கள் எல்லாம் அதில்தான். வருஷ வாரியாக இருக்கும். பூமாலை 2018இல் இருப்பான். அது முடிந்ததும் 'வெண்ணிலா'. கடைசியில் நம் கல்யாணம். நம் படங்கள் போனாலும் நம் ஞாபகத்தில் இருக்கும். அவர்களில் பாதிப் பேருக்கு வேறு படமே கிடையாது.

நானே வந்து எடுத்திருப்பேன். வராதே என்று நீ சொன்ன வீட்டுக்கு, நீ கூப்பிடாமல் வருவது முறையில்லை.

அன்புடன்,
இருதயராஜ்


விழுப்புரம்
14.8.2025

வெண்ணிலா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஊர் முதலில், பெண் அப்புறம். ஆறு வருஷத்துக்கு முன் வெண்ணிலா காய்ச்சலில் வலிப்பு வந்து கண் சொருகியபோதும் இப்படித்தான். மண்டகப்பட்டில் யார் வீட்டுக் காதுகுத்தையோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள். போனில் பதினான்கு தடவை கூப்பிட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அதனால் நீங்கள் சொன்னபடி செய்யவில்லை. வெண்ணிலாவின் படங்களை முதலில் எடுத்தேன். டிஸ்க் நத்தை மாதிரி நகர்ந்ததில் அதற்கே ஒரு பகல் போயிற்று. பிறகு 'ஊர்' ஆரம்பித்தேன். 2016 வரைக்கும் வந்தது. அப்புறம் நீங்கள் சொன்ன அந்தச் சத்தம். திரை அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால் டிஸ்க்கே இல்லை என்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் காட்டினேன். உள்ளே தட்டு கீறிப்போயிருக்கிறது, எங்கே கொண்டுபோனாலும் வராது என்றார்கள்.

பூமாலை படத்தையாவது தனியாக முதலில் எடுத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. கோபத்தில் அது தோன்றவே இல்லை. வெண்ணிலாவுக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். உங்கள் பேச்சைக் கேட்கக் கூடாது என்றுதான் செய்தேன் போலிருக்கிறது.

வீரம்மாள் நேற்று தடுப்பூசி முகாமுக்கு வந்து ஓரமாக நின்றாள். கம்ப்யூட்டர் ரிப்பேரில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் திட்டினால் திட்டுங்கள்.

அன்புச்செல்வி


திண்டிவனம்
20.8.2025

அன்புள்ள செல்விக்கு,

கோபம் வரத்தான் செய்தது. அந்த முகங்களுக்காகப் பன்னிரண்டு வருஷம் அலைந்திருக்கிறேன்.

ஆனால் நீ வீரம்மாளிடம் சொன்ன பதிலைப் படித்ததும் என் கோபம் அடங்கிவிட்டது. அதே மாதிரிப் பொய்யை நானும் சொன்னவன்தானே. மண்டகப்பட்டில் சிக்னல் இல்லை என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? பொய். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. வீட்டுக்கு ஏதோ வாங்கி வரச் சொல்லக் கூப்பிடுகிறாய் என்று முதலில் விட்டுவிட்டேன். ஏழெட்டுத் தடவை ஆனதும் பயம் வந்தது. எடுத்தால் என்ன செய்தி கேட்கப் போகிறோமோ என்று கேமராவையே பிடித்துக்கொண்டிருந்தேன். வேலை மேல் பழியைப் போட்டேன். வேலை என்ன செய்யும்? கோழைத்தனம் என்னுடையது. அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற இந்த ஆறு வருஷமும் உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன்.

நீ நம் பெண்ணை முதலில் எடுத்ததில் தப்பில்லை. முதலில் எடு என்று நான்தான் எழுதியிருக்க வேண்டும்.

வீரம்மாளிடம் இனியும் ரிப்பேர் என்று சொல்லாதே. வருகிற 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானே அவள் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பூமாலையோடு வேலை செய்தவர்கள் போனில் ஏதாவது இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டுப் பார்க்கிறேன். அப்படியே திண்டிவனம் திரும்பிவிடுவேன். உனக்குத் தொந்தரவு இருக்காது.

இருதயராஜ்


விழுப்புரம்
25.8.2025

அன்புள்ள வெண்ணிலா அப்பாவுக்கு,

சிக்னல் இல்லை என்றதை நான் அன்றைக்கே நம்பவில்லை. பதினான்கு தடவையும் முழுசாக மணி அடித்தது இந்தப் பக்கம் எனக்குக் கேட்டதே. உங்கள் வாயால் ஒரு நாள் சொல்வீர்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் சலித்துப்போனேன்.

வீரம்மாள் வீட்டுக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டாம். படம் போனது என் கையால். அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும். என்ன சொல்வாளோ தெரியாது. திட்டுவாள், அழுவாள். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும், எனக்காகப் பேச வேண்டாம். அதற்கப்புறம் வீடு வீடாகப் போகலாம். எனக்கு அங்கே எல்லாரையும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கண்டாச்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். சாயங்காலம் என்னோடு விழுப்புரம் பஸ்ஸில் ஏறுங்கள். வெண்ணிலாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். மாற்று வேட்டி ஒன்று எடுத்து வாருங்கள்.

செல்வி