ஹீற்றர் போடாத கார்

அக்கா, இன்று காலை தேத்தண்ணிக்குப் பால் காய்ச்சினேன், திரைந்துவிட்டது. அந்தப் புளித்த மணம் மூக்கில் ஏறியதும் அடுப்பை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். பால் திரைந்தால் ஊற்றிவிட்டு வேறு வாங்குவதுதான் என் வழக்கம். அதற்குப் பயப்படப் பழக்கியது நீங்கள்.

இதை நீங்கள் வாசிக்க மாட்டீர்கள். இருந்திருந்தாலும் வாசித்திருக்க மாட்டீர்கள், அது வேறு கதை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், உங்களுக்குத் தமிழில் அந்த ஐந்தும் இல்லை. "உங்கட மொரீசியஸ் காசில தமிழ் அச்சடிச்சிருக்கு, உங்களுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. வெட்கமா இல்லையோ அக்கா?" என்று எத்தனை தரம் நக்கலடித்திருப்பேன். நீங்களும் விடமாட்டீர்கள். "காசு செல்லுதுதானே தங்கச்சி" என்பீர்கள், உங்கள் உடைந்த தமிழில்.

குரோய்டனில் ஹோட்டல் துணி தோய்க்கும் இடத்தில் எங்களைச் சேர்த்து வைத்தது படுக்கை விரிப்பு. அதை ஒரு ஆள் மடிக்க ஏலாது. நீங்கள் ஒரு நுனி, நான் மறு நுனி. நான் எப்போதும் இழுப்பேன். "இழுக்காத. கொஞ்சம் விடு, நானும் விடுறன்" என்பீர்கள். கைகள் மடித்துக்கொண்டே இருக்க, நீங்கள் உங்கள் தீவைப் பற்றிச் சொல்லுவீர்கள்.

தைப்பூசத்தன்று அங்கே தார் ரோட்டு கொதிக்குமாம். காவடி வரும் கால்கள் வேகாமல் இருக்க வீட்டுக்கு வீடு வாளியோடு நின்று தண்ணீர் ஊற்றுவார்களாம். மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் ஊற்றுவார்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் ஊற்றுவார்கள். சீனக் கடைக்காரர் தானே விரதம் பிடித்துக் காவடி எடுத்தாராம். பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டது, வீட்டில் பேசுவது கிரியோல், காவடியில் இப்போது கலர் லைற்றும் எரிகிறதாம். "எல்லாம் மாறட்டும். செம்புப் பால் மட்டும் திரையக்கூடாது" என்றீர்கள். பத்து நாள் விரதம் சரியாக இருந்தால் தலையில் சுமக்கிற பால், கோயில் போய்ச் சேருமட்டும் திரையாது என்பது உங்கள் ஆட்களின் நம்பிக்கை.

"இந்த லண்டன் குளிரில பால் எங்க திரையிறது அக்கா? கட்டியாத்தான் போகும்" என்றேன். சிரித்தீர்கள். பிறகு இருமினீர்கள். அந்த இருமல்தான் கடைசியில் நுரையீரல் புற்றுநோய் என்று வந்து நின்றது.

வைத்தியத்துக்கு நடுவிலும் போன தைப்பூசத்துக்குப் பால் செம்பு எடுப்பதென்று நின்றீர்கள். தனியே நடக்க ஏலாது. தோளைப் பிடித்து வர மருமகன், உங்கள் மகளின் புருசன், ஒப்புக்கொண்டான். அவனும் உங்கள் தீவுப் பிள்ளை, ஆபிரிக்க வழிவந்த கிரியோல் சனம், கறுத்த நிறம், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. குரோய்டனில் ட்ராம் ஓட்டுகிறவன். உங்களோடு சேர்ந்து அவனும் பத்து நாள் மச்சம் மாமிசம் தொடவில்லை. வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ற் கட்டிக்கொண்டு வந்தான். "தம்பி, கழண்டால் முருகன் பொறுப்பில்லை" என்றேன். விளங்காமலே சிரித்தான்.

எங்கள் ஊர் ஆட்கள் நடத்துகிற கோயிலின் வாசலில் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, அம்மா உள்ள வரட்டும். அந்தப் பெடியன் வெளியில நிக்கட்டும்."

"ஏன் அண்ணை?"

"எங்கட ஆள் இல்லை. சனம் கதைக்கும்."

"சனம் கதைக்கத்தானே அண்ணை கோயிலுக்கே வருது."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பகிடியை விடும். வேற பொம்பிளையள் பிடிக்கட்டும்."

"மொரீசியஸில இதெல்லாம் சாதாரணம் அண்ணை."

"அது அவையின்ர நாட்டு முறை. எங்கட நாட்டில அப்பிடி இல்லை."

"இப்ப நாங்கள் நிக்கிறது எந்த நாடு?"

அவர் வரிசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் நின்ற மனுசி ஒருத்தி, "தமிழும் தெரியாது, இதுக்குள்ள காப்பிலியையும் கூட்டிக்கொண்டு" என்றாள். கறுத்த ஆட்களை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல் உங்களுக்கு விளங்காதது நல்லது என்று நினைத்தேன். ஆனால் "என்ன சொல்லினம்?" என்று என்னைத்தான் கேட்டீர்கள். அவனை விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். 

சண்டை பிடிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அந்த அண்ணையின் முகத்தை ஒருதரம் பார்த்தீர்கள். செம்பைத் தலையிலிருந்து இறக்காமலே திரும்பினீர்கள். "அவன் நிக்கிற இடத்தில நானும் நிக்கிறன்." அவ்வளவுதான்.

காரில் செம்பை மடியில் வைத்திருந்தீர்கள். குளிரில் உங்களுக்குப் பல் கிட்டியது. அவன் ஹீற்றரில் கை வைக்க, "போடாத, பால் திரையும்" என்றீர்கள். தன் ஜாக்கெற்றைக் கழற்றி உங்களுக்குப் போர்த்திவிட்டு, மேல்சட்டையில்லாமல் தோர்ண்டன் ஹீத்தில் உங்கள் வீடு வரை ஓட்டிவந்தான். பின்சீற்றில் இருந்த எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் செம்பை வைத்துத் திறந்தீர்கள். "பார் தங்கச்சி, திரையேல்லை." முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவன் முழந்தாளிட்டு உங்கள் பாதத்தைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தான்.

பங்குனி பிறக்கமுன் போய்விட்டீர்கள். செத்தவீட்டுக்கு அந்த வாசல் அண்ணையும் வந்தார். மருமகனின் கையைப் பிடித்து, நல்ல மனுசி என்றார். அவனும் நன்றி சொன்னான். செத்தபிறகு எல்லாரும் எங்கட ஆள்தான் அக்கா.

உங்கள் மகளுக்கு அந்தச் செம்பைப் பார்க்கவே ஏலாதாம். அவன்தான் கொண்டுவந்து, "அன்ரி, நீங்க எடுங்க. நான் பிடிக்கிறன்" என்று தந்தான். அந்த இரண்டு வசனத்தையும் தமிழில் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தான்.

அடுத்த கிழமை தைப்பூசம். நானும் அவனும் விரதம். நேற்றுக் கோயிலுக்குப் போய் அந்த அண்ணையிடம், "அதே பெடியன்தான் அண்ணை என்னோட வருவான்" என்றேன். "பாப்பம்" என்றார். எங்கள் ஆட்கள் பாப்பம் என்றால் அது முகத்துக்கு நேரே சொல்லாத 'இல்லை' என்று உங்களுக்கு நான் முன்பே சொல்லித் தந்திருக்கிறேன்.

மறித்தால் நானும் திரும்புவேன். அவன் ஹீற்றரைப் போடமாட்டான். செம்பை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வருவேன்.