பூட்ஸைக் கழற்ற ஓர் ஆள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பெயின்ட் கடையில் பச்சை கலக்கியே பொழுது போனது. குதிரையேற்றப் பள்ளி நடத்தும் ஒரு பெண்மணி வந்திருந்தார். லாயத்துக் கதவுகளுக்குப் பழைய பச்சையேதான் வேண்டுமாம். கதவிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். மூன்று முறை கலந்து, மூன்று முறை காயவைத்து, கடைசியில் ஒரு சொட்டுக் கறுப்பில் பிடித்துவிட்டேன். நம் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது!

ஆனால் இன்றைய விசேஷம் பச்சை இல்லை, அவர் போட்டிருந்த உடை. தந்த நிறத்தில் காலோடு ஒட்டிய கால்சட்டை, முழங்காலின் உள்பக்கம் தோல் ஒட்டு. கருநீலக் கோட்டு, இடுப்பில் சிக்கென்று பிடித்து, பின்னால் பிளவு விட்டது. முழங்கால் வரை கறுப்பு பூட்ஸ். நின்ற நிலையிலேயே அவர் எதையோ ஜெயித்துவிட்டு வந்தவர் போல இருந்தார். நான் அக்காவின் பழைய உடைகளில் வளர்ந்தவள். அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். முப்பத்தேழு வயதாகியும் எனக்கு உடை என்றால் இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொள்வது என்றுதான் அர்த்தம்.

எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டேன். முகவரி எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது — நாங்கள் பேசுவதில்லை.

மார்ச் 7, சனி

வாங்கிவிட்டேன். மூன்றையும்.

விற்பனைப் பையன் ரொம்ப மரியாதையாக, "நீங்க எந்த மாதிரி ரைடிங் பண்ணுவீங்க?" என்று கேட்டான். "பஸ்ல போவேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு பூட்ஸைக் கொண்டுவந்தான். புதுசு இறுக்கமாகத்தான் இருக்கும், போகப்போகக் காலுக்குப் பழகிவிடும் என்றான். போடுவதற்கு இரண்டு கொக்கி கொடுத்தான். கழற்றுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அவமானம். எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்கு எல்லாவற்றையும் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். அழகாக இருந்தேன். இதை என் கையாலேயே எழுதுவது இதுதான் முதல் தடவை — அழகாக இருந்தேன். மதியம் வரை வீட்டுக்குள்ளேயே நடந்தேன். பிறகு கழற்றப் பார்த்தால் வரவில்லை. குதிகாலைக் கதவிடுக்கில் கொடுத்து இழுத்தேன். மேல் விளிம்பு வழியாகச் சோப்புத் தண்ணீர் விட்டேன். தரையில் மல்லாந்து படுத்துக் காலை ஆட்டினேன். பூட்ஸ் அசைந்தால்தானே!

சாயங்காலம் அக்கா தண்ணீர் குடிக்க வந்தாள். என்னைப் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, எனக்கு முதுகைக் காட்டி நின்று, என் காலைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குதிகாலைப் பிடித்தாள். பரிசோதனைக்கூடத்தில் இருபது வருடமாகக் கை நடுங்குகிறவர்களிடம் ரத்தம் எடுப்பவள் அல்லவா, எதையும் ஒரு முறையோடுதான் செய்வாள். மற்றக் காலை அவள் பின்பக்கத்தில் வைத்துத் தள்ளு என்று சைகை காட்டினாள். தள்ளினேன். பூட்ஸ் 'பொளக்' என்று வந்தது. அக்கா பூட்ஸோடு போய் சோபாவில் விழுந்தாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டாவது பூட்ஸை இழுத்தபோது அவள் தோள் குலுங்கியது. அது சிரிப்புதான். எனக்குத் தெரியாதா?

மார்ச் 9, திங்கள்

கடைக்கே போட்டுக்கொண்டு போனேன். முதலாளி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார், கணக்கு நோட்டுக்குத் திரும்பிவிட்டார். பிரைமர் சும்மா இருப்பானா? (சக ஊழியன். சுவருக்குப் பிரைமர் போல, எந்தப் பேச்சிலும் முதல் பூச்சு அவனுடையது. அதனால் அந்தப் பெயர்.) "குதிரைய எங்க பார்க் பண்ணியிருக்கீங்க?" என்றான். "மாடியில. லிஃப்ட் வேலை செய்யல, இறங்க மாட்டேங்குது" என்றேன்.

பஸ்ஸில் இன்னொரு லாபம். ஓட்டுநர் பிரேக் போட்டதும் எல்லோரும் முன்னால் வழுக்கினார்கள். நான் மட்டும் அசையவில்லை. அந்தத் தோல் ஒட்டின் மகிமை.

மாலை ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். அக்கா வந்தாள். இழுத்தாள். போனாள்.

மார்ச் 10, செவ்வாய்

இழுத்தாள்.

மார்ச் 14, சனி

ஏன் பேசுவதில்லை என்று இந்த நோட்டில் இதுவரை எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. இன்று எழுதிவிடுகிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அக்கா குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. நான் எடுத்தேன். வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனை, ரயிலில் ஆறு மணி நேரம். அங்கே புதுப் பரிசோதனைக்கூடத்துக்கு அக்காவைத் தலைமையாகக் கூப்பிட்டார்கள். அவள் எனக்குத் தெரியாமல் விண்ணப்பித்திருக்கிறாள்! எனக்குள் என்னவோ ஆனது. "அக்கா வரமாட்டாங்க, நாங்க ரெண்டு பேரும் இங்கதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை. அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து அவளுக்குத் தெரிந்தது.

அன்று அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் கதவில் சீட்டுதான். "பால் இல்லை." "மோட்டாரை நிறுத்தவும்." நான் பதினோரு முறை மன்னிப்பு எழுதி ஒட்டினேன். பதினோரு சீட்டையும் எடுத்து மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாள். கிழிக்கவுமில்லை, பதிலும் இல்லை.

அம்மா அப்பா போன பிறகு எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதற்காக? அதற்காக அப்படிச் செய்யலாமா? கூடாது. தெரியும். செஞ்சுட்டேனே.

மார்ச் 20, வெள்ளி

ஒரு வாடிக்கையாளர் அம்மாள் அட்டையில் இருந்த நூற்று நாற்பது நிறத்தையும் தள்ளிவிட்டு, "உங்க பேன்ட்டு கலர்தான் வேணும்" என்றார். வேறு வழியில்லை. நிறம் படிக்கும் கருவியை என் முழங்காலில் வைத்து அமுக்கினேன். அவர் வீட்டுக் கூடம் முழுவதும் இனி என் முழங்கால்தான். முதலாளி இன்றுதான் முதன்முறையாக என் உடையைப் பற்றி வாயைத் திறந்தார்: "நாளைக்கு வேற கலர்ல போட்டுட்டு வாம்மா, அதையும் விப்போம்."

இதை அக்காவிடம் சொல்ல முடியவில்லை என்பதுதான் குறை. அவள் இழுக்கும்போது நாற்காலியிடம் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னேன். முதுகைக் காட்டி நின்றிருந்தாள். இழுப்பதை நிறுத்தி, கதை முடியும்வரை காலைப் பிடித்தபடியே நின்றாள்.

மார்ச் 27, வெள்ளி

இதற்குள் பூட்ஸ் காலுக்குப் பழகியிருக்க வேண்டும். கொஞ்சம் பழகித்தான் இருக்கிறது. முக்கினால் தனியாகவே கழற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. அதனால் இன்று கனத்த காலுறை போட்டுக்கொண்டேன்.

பிரைமர், "ஒரு ஜிப் வெச்சா முடிஞ்சது, ஏன் மேடம் தினமும் மல்லுக்கட்டறீங்க?" என்றான். உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன். பாவம், முகம் சுண்டிவிட்டது. நாளை டீ வாங்கித் தர வேண்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அதே எண். எனக்கு அந்த எண் மனப்பாடம்.

போனைக் கையால்கூடத் தொடப் பயந்து துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்குக் கிளம்பிய கோலம், பூட்ஸ் தடதடவென்று. குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி, "நான் எடுக்கல! அக்கா, நான் எடுக்கல! அடிச்சுட்டே இருக்கு, நான் எடுக்கல!" என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாராம். கதவு ஒரு கை அளவு திறந்தது. சோப்பு நுரையோடு கை வந்தது. போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

"ஒரு வாரம் டைம் குடுங்க" என்று அவள் சொன்னது மட்டும் கேட்டது.

ஒரு வாரமா? எதுக்கு? சரின்னு சொல்ல வேண்டியதுதானே!

ஏப்ரல் 7, செவ்வாய்

தெரிந்துவிட்டது. ஒட்டுக் கேட்கவில்லை, பால்கனிக் கதவு திறந்திருந்தது. (சரி, கொஞ்சம் ஒட்டுத்தான் கேட்டேன்.) அக்கா தன் கூட வேலை செய்யும் தோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள். போன தடவை அந்த வேலையில் சேர்ந்தவர் விட்டுவிட்டாராம். மறுபடியும் இவளைக் கூப்பிடுகிறார்கள்.

"போகணும்னுதான் இருக்கு. ஆனா எப்படி விட்டுட்டுப் போறது? போட்ட பூட்ஸக் கழட்டக்கூட அவளுக்கு ஆள் வேணும்."

உள்ளே வந்து படுக்கையில் உட்கார்ந்தேன். ஒரு மாதமாகக் காலை நீட்டி நீட்டி, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மறுபடியும் அவளைக் கட்டிப்போட்டிருக்கிறேன். அன்று வாயால் செய்தேன், இப்போது காலால். நான் என்ன பிறவி?

ஏப்ரல் 8, புதன்

மதிய இடைவேளையில் பிரைமரோடு செருப்புத் தைப்பவரிடம் போனேன். இன்று மெல்லிய காலுறைதான் போட்டிருந்தேன். முக்கிப் பார்த்தேன், யாரும் இழுக்காமலே பூட்ஸ் வந்துவிட்டது. பிரைமர் அதைக் கவனித்தான். தைப்பவரின் ஊசிப் பெட்டியை ஆராயத் திரும்பிவிட்டான். நல்லவன். தைப்பவர் பின்பக்கத் தையலைப் பிரித்து ஜிப் வைத்தார். "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே" என்றார். நான் கடை வாசலில் வெறுங்காலுறையோடு, கோட்டும் கால்சட்டையுமாக ஒரு மணி நேரம் நின்றேன். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் குதிரை என்னைத் தள்ளிவிட்டு ஓடிப்போனது போலத் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 8, புதன் (மறுபடியும்)

இதை அப்படியே எழுதிவைக்க வேண்டும், ஒரு சொல்கூட விடாமல்.

ஏழு மணிக்கு அக்கா வழக்கம்போல வந்து நாற்காலி முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். நான் உட்காரவில்லை. குனிந்து ஜிப்பை இழுத்தேன், சர்ர். ஒரு பூட்ஸ். சர்ர். இன்னொன்று. இரண்டையும் சுவரோரம் வைத்தேன். "பார்த்தியா, எனக்கு யாரும் வேண்டாம்" என்பதுபோலக் கையைத் தட்டிக்கொண்டேன்.

அக்கா திரும்பினாள். பூட்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது.

"யாரக் கேட்டு ஜிப் வெச்ச?"

ஐந்து மாதத்துக்கும் மேல் கழித்துக் கேட்ட குரல்.

"கேக்கறேன்ல? யாரக் கேட்டு?"

"நீ... நீ நிம்மதியா போகணும்னுதான்..."

"நான் போறேன்னு உங்கிட்ட சொன்னேனா? அன்னைக்கு நான் வரமாட்டேன்னு நீயே சொன்ன. இன்னைக்கு நான் போவேன்னு நீயே முடிவு பண்ணிட்ட. என் வாய் என்ன பூட்டியா கெடக்கு? என்னைக்காவது ஒரு நாள் எங்கிட்ட கேப்பியாடி?"

அவள் சொல்வது சரி. ஒவ்வொரு எழுத்தும் சரி. பதினோரு சீட்டு எழுதியவள் ஒரே ஒரு சீட்டில்கூட "உனக்கு என்ன வேணும்?" என்று எழுதவில்லை. எல்லாவற்றிலும் நான், என் தப்பு, என் அழுகை.

"சரி, இப்ப கேக்கறேன்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "உனக்குப் போகணுமா?"

"போகணும்."

"எனக்கு நீ போகக் கூடாது."

"தெரியும்."

"ஆனா போ."

"அதுக்குத்தான் உன் பெர்மிஷன் வேணும்னு காத்திட்டிருந்தேனாக்கும்!" என்றாள். சொல்லிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நானும் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அந்த எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் வந்து விசாரித்த கதையைச் சொன்னாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி. அப்புறம் ஐந்து மாதப் பாக்கியைப் பேசினோம். அவள் பரிசோதனைக்கூடத்தில் புதிதாக வந்த டாக்டரின் கையெழுத்து, என் முழங்கால் நிறக் கூடம், எல்லாம். அந்த உடை எனக்கு நன்றாக இருக்கிறதாம். முதல் நாளே நினைத்தாளாம். "சொல்லத்தான் முடியல, கோவத்துல இருந்தேன்ல" என்றாள்.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் அவளே போன் செய்து வருகிறேன் என்று சொன்னாள். நான் மாடிக்குப் போய்விட்டேன், குறுக்கே எதுவும் உளறிவிடக் கூடாதே என்று.

மே 2, சனி

ரயில் நிலையம். பெட்டி நான்கு. நான் முழு உடையில் போனேன். கோட்டு, பூட்ஸ், எல்லாம். சுமை தூக்குபவர் எங்களை ஏதோ சர்க்கஸ் கம்பெனி என்று நினைத்துவிட்டார். அக்கா ஜன்னல் வழியாகப் பதினைந்து நிமிடம் கேஸ் சிலிண்டரைப் பற்றியே பேசினாள். ரயில் நகர்ந்ததும்தான் பேச்சை நிறுத்தினாள். நான் அழவில்லை. பஸ்ஸில்தான் அழுதேன்.

மே 4, திங்கள்

கடையிலிருந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றி வைத்தேன். முகம் கழுவினேன். வீடு ரொம்ப அமைதி. ஏழு மணிக்குப் போன் வந்தது.

"பூட்ஸ் கழட்டிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சரி, கழட்டு. அது வரைக்கும் லைன்ல இருக்கேன்."

முக்கினேன், முனகினேன், நடுநடுவே கடைக் கதை சொன்னேன். ஜிப் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை. இன்று இரண்டு பூட்ஸும் வருவதற்கு நாற்பது நிமிடம் ஆனது.