காதுக்கு அளவெடுத்த இயர்போன்

செவ்வாய், இரவு.

இயர்போன் செய்யக் காதுக்கு அச்செடுத்த ஊட்டிக் கடைக்காரர் அன்றைக்கே கேட்டார்.

"சின்னத் துளை ஒண்ணு வெச்சுத் தரட்டுங்களா? வெளிச்சத்தம் கொஞ்சம் கேக்குமுங்க."

பாட்டு கெட்டுப்போகும் என்று நான்தான் மறுத்தேன். "சுத்தமா அடைச்சிருங்க."

இன்று ஃபாக்டரி விட்டு வீட்டுக்கு இறங்கும்போது நான் முன்னால், என் மனைவி செல்வி பின்னால். தேயிலைக்குள் முன்னால் போகிறவன் காதைத் தீட்டிக்கொண்டு நடக்க வேண்டும். எஸ்டேட்டில் குழந்தைக்கும் தெரியும். நான் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனேன்.

பாட்டு முடிந்து திரும்பினால், காட்டுமாடு அவளைக் கொம்பில் குத்தித் தூக்கிச் செடிமேல் அடிக்கிறது. அவள் வாய் திறந்திருக்கிறது. எனக்கு ஒரு சத்தமும் இல்லை. கல்லால் அதன் கண்ணைப் பார்த்து அடித்தேன். ஓடிவிட்டது. அதைக் கொன்றிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் தொடையைத் தைத்த பிறகு சொன்னாள்.

"மூணு தடவை கூப்பிட்டேனுங்க."

திட்டியிருந்தால் தேவலை.

பெண்கள் வார்டில் இரவு தங்க விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் இயர்போனில் ஒன்றை அம்மியில் வைத்துக் குழவியால் நொறுக்கினேன். மற்றது இதோ மேஜைமேல் கிடக்கிறது. எவனுக்காவது கொடுத்துத் தொலைக்கலாமென்றால், என் காதைத் தவிர வேறெந்தக் காதிலும் அது நுழையாது.