பாதியில் விட்டவள் என்றார்கள் உன்னை

என் ஆசை அக்கா தனத்துக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னைப் பற்றிய பேச்சு மட்டும் ஓயவில்லை. “உங்க அக்கா பேசினதாலதான் இலவச மாத்திரை நின்னுபோச்சு” என்று பாகூர் கடைத்தெருவில் என்னை நிறுத்திச் சொல்கிறார்கள். ஆமாம், அவள்தான் பேசினாள் என்று சொல்லிவிட்டு நடக்கிறேன்.

அந்த மூட்டுவலி மாத்திரை ஏற்கெனவே கடையில் விற்றுக்கொண்டிருந்ததுதான். நாள்பட சாப்பிட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, கம்பெனி அதை நம் டாக்டர் மூலம் இலவசமாகக் கொடுத்தது. டாக்டருக்குப் பணம், சனிக்கிழமை கிளினிக்குக்கு வாடகை, எல்லாம் கம்பெனி செலவு. நடவு நட்டுத் தேய்ந்த முழங்காலோடு குருவிநத்தத்திலிருந்து நீயும் போனாய். வலி குறைந்தது, அதை நான் மறைக்கவில்லை. அப்புறம்தான் ரத்த வாந்தி. டாக்டரே பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்.

வில்லியனூரில் கூட்டம் போட்டு, கம்பெனிக்காரர் அறிக்கை வாசித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? “யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை” என்றார். நீ எழுந்தாய்.

“இன்னா சார், நான் ரத்தமா கக்கினது தொந்தரவு இல்லியா?”

“நீங்க பாதியில விட்டவங்கம்மா. முழுசா சாப்பிட்டவங்களைத்தான் கணக்குல எடுப்போம்.”

“நானா வுட்டேன்? தோ குந்தினு இருக்காரே டாக்டரு, அவருதான் நிறுத்தச் சொன்னாரு. கேளு!”

டாக்டர் குனிந்து கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். மடுகரையிலிருந்து வந்த ஒரு அம்மா எழுந்து, “எனக்கும் அப்படித்தான் ஆச்சு” என்றாள். கூட்டத்தை அவசரமாக முடித்தார்கள்.

மழைக்காலத்தில் மறுபடி உனக்கு ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாய். எந்த அறிக்கையில், அக்கா, உன் சாவு இருக்கும்?

துக்கம் கேட்க டாக்டர் வந்தார். “செலவும் அவங்க, அறிக்கை எழுதறதும் அவங்கதாம்மா. நான் இன்னா பண்றது?” என்றார். எனக்கு அழுகை நின்றுபோனது. “கையெழுத்து உங்களுதுதானே சார்? வாந்தி எடுத்தப்போ பார்த்தது நீங்கதானே?” என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆனால் எழுதினார், அக்கா. மாத்திரையை நிறுத்தியவர்களை எல்லாம் சேர்த்து, ஏன் நிறுத்தினார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்பதையும் போட்டு, டாக்டர்கள் படிக்கும் பத்திரிகைக்கு அனுப்பினார். கடைசிப் பக்கத்தில் சின்னதாக வந்தது. கம்பெனி பணத்தை நிறுத்தியது. கிளினிக்கை மூடிவிட்டார்கள். மாத்திரை இன்னும் கடையில் இருக்கிறது.

இது ஜெயமா, தோல்வியா? தெரியவில்லை. தெரியாமலே சண்டை போட என்னால் முடியும்.

வேறொரு கம்பெனி சர்க்கரை மாத்திரையோடு அடுத்த வாரம் பாகூருக்கு வருகிறதாம். முன் வரிசையில் உட்காரப்போகிறேன், மடுகரை அம்மாவும் வருகிறாள். நிறுத்தியவர்களையும் செத்தவர்களையும் அறிக்கையில் எழுதுவோம் என்று அவர்கள் எல்லார் எதிரிலும் ஒப்புக்கொள்ளும்வரை, நம் பெண்கள் யாரையும் ஒரு மாத்திரைகூட வாங்க விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

வாயாடி என்று இப்போது பெயரெடுத்திருக்கும்
உன் தங்கச்சி,
கஸ்தூரி