அண்டாவின் அடியில்

ஜூன் 8, ஞாயிறு

புதுத் துடைப்பான் வந்திருக்கிறது. தெருவில் வந்த வண்டிக்காரரிடம் அம்மா வாங்கியது. கம்பை வாளிக்குள் விட்டுச் சுற்றினால் தானே பிழிந்துகொள்ளுமாம். சுற்றினேன். என் முகம், சுவர், காலண்டர் முருகன் எல்லாம் நனைந்தது. தரை மட்டும் அப்படியே இருந்தது.

"எப்படி இருக்குங்க?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லாத்தான இருக்கு," என்றார் அப்பா. பார்க்கவே இல்லை. குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜர். எந்த ரூமைக் காட்டினாலும் நல்லாயிருக்கு என்று சொல்லிச் சொல்லி நாக்கு அப்படியே படிந்துவிட்டது.

இந்த வீட்டில் வாங்கும் சாமானைப் பற்றி உண்மை பேச இரண்டே பேர்தான். நானும் பிரியா அக்காவும். எது வந்தாலும் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுவோம். அக்காவைத் தை மாதம் இலத்தூருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், பார்சலைக் கட்டுவது மாதிரி. யாரிடம் சொல்வது? அதனால்தான் இந்த நோட்டு.

துடைப்பான்: ஒரு நட்சத்திரம். முருகனைக் குளிப்பாட்டியதற்காக.

ஜூன் 11

துடைப்பான் கம்பு இரண்டாகிவிட்டது. "இப்ப நம்மகிட்ட ரெண்டு இருக்குப்பா" என்றேன். "நல்லதுதான" என்றார், பேப்பரை மடிக்காமலே.

ஜூன் 15, ஞாயிறு

சாரல் தொடங்கிவிட்டது. அப்பா லாட்ஜுக்குக் காப்பி கொண்டுபோக ஒரு பிளாஸ்க். எவர்சில்வராம். எவர் சொன்னது? காலையில் ஊற்றிய காப்பி பழைய குற்றாலம் தாண்டுவதற்குள் அருவித் தண்ணீர் ஆகிவிடுகிறது. சூடும் இல்லை, சொரணையும் இல்லை.

இந்த வரியைச் சொல்லிக் காட்டவே அக்காவுக்குப் போன் போட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"போகப் போகச் சரியாயிரும்ட்டி," என்றாள்.

பிளாஸ்க் எப்படி அக்கா போகப் போகச் சரியாகும்?

பின்னாலிருந்து அவள் மாமியார் குரல். "யாரு போன்ல? ஸ்பீக்கர்ல போடு." பிறகு அக்கா என்னிடம் மழை பெய்யுதா என்று கேட்டாள். நல்லாயிருக்கியா என்று கேட்டேன். நல்லாயிருக்கேன் என்றாள். அப்பா ரூம் காட்டும்போது பேசுகிற அதே குரல்.

பிளாஸ்க்: அரை. மூடி அழகு.

ஜூன் 21, சனி

இட்லித் தட்டு வாங்கத் தென்காசி பாத்திரக்கடை. வாசலில் பெயர் வெட்டும் சுடலைமுத்து அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், "என்ன தங்கச்சி, இன்னைக்கும் அடியில ஏதும் எழுதணுமா?" என்றார். அவர் காலை மிதித்தேன். அம்மா இட்லிக்குழியை எண்ணிக்கொண்டிருந்தாள். நல்லவேளை.

இதை எங்காவது ஒரு இடத்தில் எழுதி வைக்க வேண்டும். இங்கேயே எழுதுகிறேன்.

தை மாதம் அக்காவின் சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்ட என்னை நிறுத்திவிட்டு அம்மா பக்கத்துக் கடைக்குக் குங்குமச்சிமிழ் பார்க்கப் போனாள். கையில் சீட்டு. "தி. சண்முகப்பிரியா", கீழே கல்யாணத் தேதி. குடத்துக்கும் அதுதான், தாம்பாளத்துக்கும் அதுதான். எனக்குக் கை துறுதுறுத்தது. அண்டா வந்தபோது, இதுக்கு அடியில் இன்னொரு வரி என்றேன்.

தொலைந்தால் திருப்பித் தரவும். தில்லைநாயகம், குத்துக்கல்வலசை. அப்பாவின் செல் நம்பர்.

"அம்மா சொன்னாகளா?"

"அம்மாதான் அண்ணாச்சி சொல்லச் சொன்னா."

அழகாக வெட்டினார். முடிவில் அவராகவே ஒரு பூ போட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் அக்காவிடம் மட்டும் கவிழ்த்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படியே அழுதாள். கல்யாணப்பெண் என்றால் அழுவாள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

இட்லித் தட்டு: நான்கு. ஒரு குழி மட்டும் கோணல். அதில் வரும் இட்லி எனக்கு.

ஜூலை 3, வியாழன்

போர்வை. சாயம் போகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். உண்மைதான், எங்கேயும் போகவில்லை. என் யூனிஃபார்முக்குத்தான் வந்திருக்கிறது. ஊதாச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனேன். பக்கத்தில் உட்காரும் ஜெனி என்னைக் கத்தரிக்காய் என்றாள். ஒத்துக்கொண்டேன்.

அக்கா ஒன்பது நாளாகப் பேசவில்லை. "போன எடத்துல அவுக குடும்பக் கோயில் கொடை நடக்கு, வேல இருக்கும்லா," என்கிறாள் அம்மா. ஆனால் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள்.

ஜூலை 12, சனி

வரும் வியாழன் ஆடி பிறக்கிறது. கல்யாணமான முதல் ஆடி, அக்கா மாதம் முழுக்க இங்கேதான். நாளைக்குப் போய் முறைப்படி அழைத்து வர வேண்டும். அம்மா அவளுக்கென்று புதுத் தலையணை வாங்கிவிட்டாள். இந்த வீட்டில் யாருக்கும் தனியாகத் தலையணை வாங்கியதாக எனக்கு நினைவில்லை. இலவம்பஞ்சு என்று சொல்லிக் கொடுத்தார்களாம். தட்டிப் பார்த்தேன், கை வலித்தது.

நட்சத்திரம் போடவில்லை. அக்கா வந்து போடட்டும். துடைப்பான், பிளாஸ்க், போர்வை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக் காட்டப் போகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

எப்படி எழுத.

அவர்கள் வீட்டு முற்றத்தில் அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. வாசல்படி ஏறும்போதே பார்த்துவிட்டேன். ஐந்து மாதமாகப் பரணில் கிடந்ததைக் கொடைக்குச் சோறு பொங்க இறக்கியிருக்கிறார்கள். கழுவிக் கவிழ்த்தபோது சொந்தக்காரப் பையன் ஒருவன் எல்லார் முன்னாலும் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறான்.

பழத்தட்டை அம்மா நீட்டினாள். அக்காவின் மாமியார் வாங்கவில்லை.

"மதினி, ஒங்க சீர் அண்டாவக் கொஞ்சம் வாசிச்சிப் பாருங்க."

"கண்ணாடி எடுத்துட்டு வரலியே மதினி."

"அதுக்கென்ன, இந்தா ஒங்க சின்னவ பிளஸ் டூ படிக்கால்லா. ஏட்டி, நீ வாசி. சத்தமா வாசி."

வாசித்தேன். என் வரியை நானே வாசித்தேன். நம்பர் வரைக்கும்.

"பொண்ண அனுப்பும்போதே திருப்பி வாங்க ஆசப்பட்டிருக்கீக," என்றாள் அந்த அம்மா. "கொடைக்கி வந்த சனமெல்லாம் கேட்டுச் சிரிச்சிட்டுப் போச்சி. ஆடிக்கும் அனுப்ப முடியாது, ஆவணிக்கும் அனுப்ப முடியாது. இங்கன ஒண்ணும் தொலஞ்சி போயிர மாட்டா."

விஜயசங்கர் அத்தான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அடுக்களை வாசலில் நின்றாள். கழுத்தெலும்பு தெரிந்தது. இந்தப் புழுக்கத்தில் முழங்கை தாண்டி நீளக் கை ஜாக்கெட். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"கடைக்காரன் பில்லப் பாத்து வெளையாட்டா வெட்டிருப்பான் மதினி," என்றாள் அம்மா. அப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். ஆட்டினேன் — என் தலைதான்.

பழத்தட்டு எங்களோடு பஸ்ஸில் திரும்பி வந்தது.

ஜூலை 14

காலையில் அப்பா சட்டை மாட்டினார். அண்ணாச்சியைச் சத்தம் போடப் போகிறார் என்று தெரிந்ததும் சொல்லிவிட்டேன். நான்தான் என்று.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒம் பேருலயே வாயும் மொழியும் இருக்கு. அது பத்தலன்னா அண்டாவுலயும் எழுதுன?" என்றாள். குழல்வாய்மொழி என்று எனக்குப் பேர் வைத்தது அவள்தான்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பி நின்று சொன்னார்:

"நல்லாயில்லட்டி."

பதினாறு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. தலையணையின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை.

ஜூலை 22

மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன். அத்தான் எடுத்தார். "குளிக்கா." சாயந்தரம் மறுபடி. "தூங்குதா." ஏழு மணிக்கு அம்மா செய்தாள். மறுபடியும் "குளிக்கா."

இதற்கு ஒரு ஜோக் இருக்கிறது. வரமாட்டேன் என்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

அண்ணாச்சியிடம் தனியாகப் போனேன். வெட்டினதை அழிக்க முடியுமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"ஒன்னால என்னமும் வில்லங்கமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"வெட்டுனது வெட்டுனதுதான் தங்கச்சி. தேய்ச்சா தகடு மெலிஞ்சி ஓட்ட விழுந்துரும். மேல கொடி, பூவுன்னு இழுத்து மறச்சி விடலாம். அண்டாவ இங்கன கொண்டா, சும்மாவே செஞ்சி தாரேன்."

அவர் பேரில் பழியைப் போட்டுவிட்டு வந்தோம். அது அவருக்குத் தெரியாது. டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

அண்டாவை நான் எப்படிக் கேட்பேன்?

ஜெனியின் டிபன் பாக்ஸில் ரப்பர் பல்லி வைத்து மூன்று வாரம் ஆகிறது. "ஒனக்கு ஒடம்புக்கு என்னட்டி?" என்று அவளே கேட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

மத்தியானம் கேட் சத்தம். அக்கா.

இடுப்பில் அண்டா. அதற்குள் இரண்டு சேலை, அவளுடைய சர்ட்டிபிகேட் பைல். மழையில் நனைந்து தலை ஒட்டியிருந்தது. அண்டாவை இறக்கி வைத்துவிட்டு முதலில் சொன்னது:

"பஸ்ல எனக்கு ஃப்ரீ. இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டான்ட்டி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நிறுத்திக்கொண்டேன்.

அம்மா துண்டு கொண்டுவந்து தலையைத் துவட்டினாள். ஈர ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னாள். கழற்றினபோது பார்த்தோம். முழங்கைக்கு மேலே பழசு மஞ்சளாக, புதுசு ஊதாவாக.  அம்மா துவட்டிக்கொண்டே இருந்தாள். முடி காய்ந்த பிறகும் விடவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அப்பா சீசன் கூட்டத்தை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்தார். அக்காவின் கையைப் பார்த்தார். தடுமாறிப்போய் என் கையிலிருந்த காப்பியை வாங்கிக் குடித்தார். அதில் நான் பாதி குடித்திருந்தேன்.

பத்து மணிக்கு அவர் செல் அடித்தது. அண்டாவில் இருக்கிற அதே நம்பருக்கு. அக்காவின் மாமியார். இந்த முறை ஸ்பீக்கரில் போட்டது அப்பா.

"அண்ணாச்சி, நேத்து மத்தியானத்துல இருந்து பிரியாவக் காணும்—"

"காணாமப் போகல மதினி. இங்கன வந்து சேந்துட்டா."

"அப்ப என்னைக்கி அனுப்புவீக? சனம் என்ன சொல்லும்?"

அப்பா அக்காவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். நல்லாயிருக்கு, நல்லதுதான, சரியாயிரும் — அதில் ஏதாவது ஒன்று வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"அனுப்பல," என்றார். போனை வைத்தார். சிவப்புப் பொத்தானை மூன்று முறை அழுத்தினார்.

அம்மா அழுதாள். சந்தோஷ அழுகையெல்லாம் இல்லை. அடுத்த தெருவுக்கு என்ன சொல்வது, இனிமேல் இவள் என்ன ஆவாள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஆகஸ்ட் 5

"என்னாலதானக்கா?" என்று கேட்டுவிட்டேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு மொதல்ல கை நீட்டுனது பங்குனியில. அண்டாவ எறக்குனது போன மாசம். எது மொதல்ல வருது, நீயே கணக்குப் போடு."

"கொடைக்கி அப்புறம்?"

கையிலிருந்த துணியை உதறினாள். பொய் சொல்வாளோ என்று பயந்தேன்.

"கூடுச்சி. அதுக்கு நீ காரணந்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன்."

துணியை மடித்தாள். பிறகு, "ஆனா பரணுல ஒன் வரி இருக்குன்னு அந்த வீட்டுல எனக்கு மட்டுந்தான் தெரியும். அண்ணாந்து பாத்துக்கிடுவேன்," என்றாள்.

ஆகஸ்ட் 14

எதிர்வீட்டம்மா அம்மாவிடம், "ஆடிக்கி வந்தவ இன்னும் ஒரு வாரத்துல போயிருவாள்லா?" என்று கேட்டாள். அம்மா "ம்" என்றாள்.

அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆடி முடிந்து மூன்று நாள். இலத்தூரிலிருந்து மற்ற சீர்ச் சாமான்கள் லோடு ஆட்டோவில் வந்தன. கூட யாரும் வரவில்லை. ஒரு குடம் நசுங்கியிருந்தது. இறக்கி வைக்க எட்டு நிமிஷம் ஆனது. தெருவே பார்த்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அக்கா அடுத்த வாரத்திலிருந்து தென்காசியில் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்குப் போகிறாள். பைலை எடுத்து வந்தது இதற்குத்தான். இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. யாருக்காவது போன் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

அண்டாவில் அம்மா தண்ணீர் பிடித்து வைக்கிறாள். கழுவினால் கவிழ்ப்பதில்லை. உள்ளே துணி விட்டுத் துடைத்து நிமிர்த்தியே வைக்கிறாள். கொடி, பூ வரைந்து மறைக்கலாம் என்று அண்ணாச்சி சொன்னதைச் சொன்னேன். "கெடக்கட்டும்," என்றார் அப்பா.

இன்று காலை அக்கா கழுத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்து வந்தாள். "தலகாணி எப்படி இருக்குட்டி?" என்று அம்மா கேட்டாள். நான் பல் விளக்குவதை நிறுத்திவிட்டேன்.

"நல்லாயில்லம்மா," என்றாள் அக்கா. "கல்லு மாதிரி இருக்கு. கழுத்து போச்சி."

தலையணை: ஒன்று. போட்டது அக்கா.