எல்லாரும் குறைக்கிற அளவு

இன்று காலை மஞ்சள் பாதை மெத்ரோ ரயிலில் நனைந்த கம்பளி மணம் அடித்தது. பெட்டி நிறைய ஈரக் கோட்டுகள். பக்கத்தில் நீர் இருக்கிறீர் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். நீர் போய் இரண்டு பனிக்காலம் ஆகிறது. என் கழுத்துக்கு இன்னும் அது தெரியவில்லை.

நாம் இருவரும் குடியிருந்த லொங்குய்யிலிருந்து ஒரே முதலீட்டு நிறுவனத்துக்கு ஒன்பது வருடம் ஒன்றாகப் போய்வந்தோம். எனக்குக் கணக்கு வேலை, உமக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதும் வேலை. நீர் சிரிப்பதற்காகவே சில நாள் என் பிரெஞ்சை இன்னும் மோசமாகப் பேசியிருக்கிறேன்.

இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது, அதன் கடன் பத்திரங்களை எங்கள் நிறுவனம் அரைவிலைக்கும் குறைவாக வாங்கியது. பிறகு பேச்சுவார்த்தை நடந்து, கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கும் நிலை வந்தது. மற்றவர்கள் விட்டுக்கொடுக்கட்டும், நாங்கள் சேராமல் நின்று முழுத்தொகையும் கேட்போம் என்றார் மேலாளர். அப்படி நின்றால் எவ்வளவு லாபம் என்று காட்டியது என் கணக்கு. கடிதம் எழுதவேண்டியது நீர்.

நீர் எழுதவில்லை. கூட்டங்களில் வாயே திறக்காத நீர், நமக்கு மட்டும் கூடுதலாக வரும் பணம் யார் கையிலிருந்து வரும் என்று கேட்டீர். பிறகு என் பக்கம் திரும்பி, அது கணக்கில் இருக்கிறதா என்றீர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது என் வேலை இல்லை என்றேன். அதன் பிறகு நான்கு நாள் வேறு பெட்டியில் ஏறினேன்.

ஐந்தாம் நாள் நீரே தேடி வந்து பக்கத்தில் இருந்தீர். வவுனியாவில் இருக்கும் உம்முடைய அக்காவைப் பற்றிச் சொன்னீர்.

“அவா இருபத்தெட்டு வருசம் கார்மென்ட்ஸில தைச்சவா. இந்தக் கடனாலதான் அவா ஓய்வுகாலத்துக்கெண்டு சேர்த்த சேமலாப நிதி வட்டியையும் குறைச்சுப்போட்டினம். அவாவை ஒருத்தரும் கேக்கேல்லை.”

“எங்களிட்டக் காசு போட்டவையும் பென்சன்காரர்தானே,” என்றேன். “அவையின்ர காசை நான் எப்பிடி விட்டுக்குடுக்கிறது?”

“சும்மா விடச் சொல்லேல்லை. எல்லாரும் குறைக்கிற அளவு நாங்களும் குறைப்பம். அதுக்கு மேல வேண்டாம்.”

என் கோபம் அங்கேதான் இறங்கியது. தானம் செய்யச் சொல்லப்போகிறீர் என்று நினைத்திருந்தேன். நீர் கேட்டது அதுவல்ல.

கணக்கைத் திரும்பச் செய்தேன். எல்லோருடனும் சேர்ந்தாலும், வாங்கிய விலைக்கு மேல் லாபம் இருந்தது, கொஞ்சம் குறைவாக. மேலாளர் இரண்டு வாரம் அதை மேசையில் வைத்திருந்தார். கடைசியில் சேரச் சம்மதித்தார். உம்முடைய கேள்வியாலா, வழக்குச் செலவுக்குப் பயந்தா, இன்றைக்கும் தெரியாது. அதற்குள் நோயில் விழுந்து நீர் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

“கையெழுத்து வைச்சாச்சோ?” என்று கேட்டீர்.

“ஓம். கடிதம் நான்தான் எழுதினனான்.”

“அப்ப நிறையப் பிழை இருக்கும்,” என்று கண்ணை மூடியபடியே சிரித்தீர். நானும் சிரித்தேன். வெளியே வந்து நடைக்கூடத்தில் நின்று அழுதேன்.

இப்போது என் மேசையில் வேறொரு நாட்டின் கடன் கோப்பு இருக்கிறது. நான் காலடி வைக்காத நாடு. அங்கே யாருடைய அக்காவையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் முதல் எண்ணை எழுதுமுன், அங்கே தைத்து ஓய்ந்தவர்களின் சேமிப்பில் எவ்வளவு வெட்டினார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.