உடைந்த கோப்பில் உன் பாட்டு

உன் பென்டிரைவின் வாயில் இன்னும் விபூதி ஒட்டியிருக்கிறது. போன சனிக்கிழமை உன் மகள் அதை என் மேசையில் வைத்தபோது உன் கைப்பையைத் திறந்த மாதிரியே வாசனை வந்தது. "விபூதிப் பொட்டலத்துக்குள்ள வெச்சா சாமி பாத்துக்கும்லா" என்பாய். உன்னை நினைத்துச் சிரித்துக்கொண்டே பல் துலக்கும் பிரஷ் ஒன்றால் அதைத் துடைத்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறவள், இதற்காகவே கிள்ளானுக்கு ரயிலேறி வந்திருந்தாள். உன் வருஷத் திதி முடிந்துவிட்டது. துக்கம் கழிந்து அவள் மறுபடி கோயிலுக்குள் வரப்போவது அடுத்த வெள்ளிக்கிழமைதான். அன்றைக்கு நம் பெண்கள் பூஜையில், நீயே கட்டிய அம்மன் பாட்டைப் பாட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"யாருக்கும் முழுசாத் தெரியல ஆன்டி. இதுல மட்டும்தான் இருக்கு. தொறக்க மாட்டேங்குது. கடையில காட்டினேன், ஃபைல் போச்சுன்னுட்டாங்க."

எங்களுக்கு எப்படித் தெரியும்? நீ தனியாகப் பாடுவாய். நாங்கள் "தாயே தாயே" என்று பின்பாட்டோடு சரி. எழுதிக் கொடு என்றால், "தமிழ்ல டைப் பண்ணிட்டுத் தரேன்டி" என்பாய். உனக்குத் தமிழில் தட்டத் தெரியாது. தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருந்தாய். "அம்மனுக்கே ஏபிசிடியா?" என்று கிண்டல் செய்தவள் நான். "நானே தமிழில் தட்டித் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்தவளும் நான்தான். யார் பூ, யார் பொங்கல் என்று வாரம் தவறாமல் நோட்டில் குறித்து வைப்பவள், அந்த வாக்கை மட்டும் குறித்து வைக்கவில்லை.

கோப்பு உண்மையிலேயே உடைந்திருந்தது. முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். பிறகு என் பழைய மடிக்கணினியில், கட்டளை தட்டி வேலை வாங்கும் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்தேன். யூடியூபைப் பார்த்துப் பார்த்து நான் அதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், "இருட்டுக்குள்ள யாருக்குடி மந்திரம் ஓதுற?" என்று கேட்பாயே, அதே திரை. அதில் ஸ்ட்ரிங்ஸ் என்று ஒரு கட்டளை உண்டு. திறக்க மறுக்கும் கோப்பையும் அது அடிவரை துழாவும்; நாலு எழுத்தாவது சேர்ந்தாற்போல் வாசிக்கக் கிடைத்தால் எடுத்து வரி வரியாகக் கொட்டும்.

கொட்டியது. குப்பையாகக் கொட்டியது.

"என்ன ஆன்டி இது, பூனை கீபோர்ட்ல நடந்த மாதிரி இருக்கு?"

"பொறும்மா. அரிசியில கல்லு பொறுக்குற வேலைதான் இது."

கொஞ்சம் கீழே உன் பெயர் வந்தது. இன்னும் கீழே, thaaye un vaasalile என்று ஒரு வரி. உன் மகள் என் தோளைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. "அம்மா பாட்டு! ஆன்டி, அம்மா பாட்டு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கட்டளை சாதாரணமாக ஆங்கில எழுத்தை மட்டும்தான் எழுத்தென்று எடுத்துக்கொள்ளும். நீ இதைத் தமிழில் தட்டி வைத்திருந்தால், அதையும் குப்பையென்று தள்ளிவிட்டுப் போயிருக்கும். நான் கிண்டல் செய்த ஏபிசிடிதான் உன் பாட்டைக் காப்பாற்றிக் கொடுத்தது. தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அவள் தேத்தண்ணி கலக்க அடுப்படிக்குப் போனாள். நான் வரிகளை நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டே வந்தேன். லோரி ஓட்டுகிறவனுக்குத் துணையாக வரச் சொன்னாய். நைட் ஷிப்ட் போகிற பிள்ளைகளுக்காக அம்மனையும் விழித்திருக்கச் சொன்னாய். கோயிலில் இந்த மூன்றாவது சரணத்தோடு நிறுத்திவிட்டு, தீபாராதனைக்குக் கை காட்டுவாய். ஆனால் திரையில் இன்னும் ஒன்று இருந்தது. பழைய கோப்புகளில் நாம் அழித்தது சில சமயம் அடியில் தங்கிவிடும்.

"மாலையிட்ட மகள நான் பாக்க வேணும்,
அதுவரைக்கும் என் மூச்ச காக்க வேணும்."

ஊருக்கெல்லாம் கேட்டவள், உனக்காகக் கேட்ட ஒன்றை மட்டும் அழித்துவிட்டாய். உடம்புக்கு முடியாமல் இருந்தபோதும் ஒருமுறைகூட இதை நீ பாடவில்லை.

தேத்தண்ணியோடு வந்தவள், "அவ்வளவுதானா ஆன்டி?" என்றாள்.

"கோயில்ல அம்மா பாடினது இவ்வளவுதாம்மா" என்றேன். நீ அழித்ததை நான் அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றவில்லை. சரிதானே?

வெள்ளிக்கிழமை பாடினாள். இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்தது. நாங்கள் "தாயே தாயே" என்று தாங்கிப் பிடித்தோம். மூன்றாவதில் அவளே எழுந்து நின்றாள். தீபாராதனை முடிந்து, "அடுத்த வாரமும் வரேன் ஆன்டி, என் பேரையும் நோட்டுல போடுங்க" என்றாள். பொங்கல் என்று எழுதிக்கொண்டேன்.

நான்காவது என்னிடம் இருக்கிறது. வீட்டில் விளக்கேற்றும்போது தினமும் சொல்கிறேன். நீ கேட்ட மூச்சு உனக்குக் கிடைக்கவில்லை. பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவள் கழுத்தில் மாலை விழும் நாளில், நாதஸ்வரச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காதபடி அவள் காதருகே குனிந்து அதைப் பாடிவிடுவேன்.